வயக்காட்டுல இருந்து வந்த வானியல்!

சம்பா அறுவடை சமயத்துல எங்க தஞ்சாவூர் பக்கம் வந்தா பார்க்கலாம். வயல்ல அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் சதுரம் கட்டி, அதுல விளைஞ்சதை மட்டும் அறுத்து எடை போடுவாங்க. ஊருக்கு சில சதுரம்தான். அதை வெச்சுதான் மொத்த ஊருக்கும் பயிர்க் காப்பீடு. ‘சதுரம் நல்ல வயல்ல விழுந்தா மத்தவனுக்கு நாமம்தான்’ம்பார் அப்பா. இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு புராஜெக்ட்டுல இப்போ அதே கவலை. என்ன, என் வயல் கொஞ்சம் பெருசு... பிரபஞ்சம்!

ஒரு டெலஸ்கோப் சர்வே தொடங்குறதுக்கு முன்னாடியே, ‘நியூட்ரினோ எடையை எவ்வளவு துல்லியமா சொல்ல முடியும்?’னு கணிப்பாங்க. அதுக்கு ஃபிஷர் மேட்ரிக்ஸ்னு ஒரு கணக்கு. அந்த ஃபிஷர் யாருங்கறீங்க? 1919-ல இங்கிலாந்தோட ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துல வேலைக்குச் சேர்ந்தவர்! ஒருபக்கம் சாயாத எந்தக் கணிப்பும் இந்த எல்லைக்குக் கீழே பிழையைக் குறைக்க முடியாதுன்னு 1945-ல காட்டினவர் நம்ம சி.ஆர்.ராவ்.

நியூட்ரினோ எடையைக் கொஞ்சம் மாத்தி மாத்தி சிமுலேஷன் ஓட்டணும். அந்த வித்தியாசம்தான் தகவல். சிமுலேஷன் கம்மின்னா வித்தியாசத்துல வெறும் நடுக்கமும் கலந்துடும். ஃபிஷர் கணக்கு அதை வர்க்கம் எடுக்கறதால மைனஸ்கூட பிளஸ்தான். நடுக்கமே தகவல் மாதிரி வேஷம் போடும். பிழை குட்டியா தெரியும். கம்மியா உழைச்சா ரிசல்ட் அழகா வருதுன்னா எவ்வளவு டேஞ்சர் பாருங்க!

இன்னொரு ஓட்டையும் இருக்கு. 500 எண்கள் இருக்கிற டேட்டாவோட இரைச்சலை 1,000 சிமுலேஷன்ல இருந்து கணிச்சா, தகவல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஊதிடும். அதுக்கான திருத்தத்தை ஹார்ட்லாப் குழு 2007-ல எழுதிட்டாங்க. அது ஒரு வரி கோடிங்தான், ஈஸி.

வித்தியாசக் கணக்குதான் அடங்காது. ‘கிஹோட்டே’ன்னு பல்லாயிரம் சிமுலேஷன் கொண்ட தொகுப்பு எல்லாருக்கும் ஓப்பனா இருக்கு. அதுலகூட வித்தியாசம் பார்க்க ஒவ்வொரு மாற்றத்துக்கும் 500தான். அதனால முதல்ல, ஜோடி சிமுலேஷன்களை ஒரே விதையில ஆரம்பிக்கணும். நடுக்கம் பெரும்பாலும் கழிஞ்சுடும். அப்புறம் பாதி சிமுலேஷனை மட்டும் வெச்சுப் போட்டுப் பார்க்கணும். பிழை மாறுதுன்னா 500 பத்தலைன்னு அர்த்தம்.

2023-ல கோல்ட்டனும் வான்டெல்ட்டும் சொன்ன ஐடியா எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாதியை வெச்சு டேட்டாவைச் சுருக்கு, மீதிப் பாதியை வெச்சுக் கணி. இப்போ தப்பினாலும் பிழை பெருசாற பக்கம்தான் தப்பும். பழைய முறை மிகையாச் சொல்லும், இது அடக்கிச் சொல்லும். ரெண்டையும் சேர்த்தா உண்மைக்குப் பக்கத்துல போயிடலாம்.

ரிப்போர்ட்ல ரெண்டு எண்ணையும் போடச் சொல்லிட்டார் கைடு. ‘உன் பிழை ஏன்டா இவ்ளோ பெருசு?’னு ஃப்ரெண்ட்ஸ் கலாய்க்கிறாங்க. கலாய்க்கட்டும்!