உறக்கமும் ஓர் அருளே

"சாமி, பிள்ளை உறங்கி ஆறு நாளாச்சு."

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், பங்கு இல்லத்தின் திண்ணையில் நின்று ஒரு தாய் இப்படிச் சொன்னார். கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். மகன் கல்லூரி மாணவன். பலிபீடச் சிறுவனாக இருந்தவன். திருவிழாக் காலத்தில் தேர்ப்பணிக்கு முதலில் வந்து நிற்பவன். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் கேட்டது எதையும் இங்கே எழுதவில்லை. வீட்டார் நம்மிடம் வெளிப்படையாகச் சொன்னதையே, அவர்களின் இசைவோடும், ஆளை அடையாளம் காட்டாத அளவில் சிறு மாற்றங்களோடும் எழுதுகிறோம். இன்னொரு வீட்டுக்கு இது உதவட்டும் என்பது அந்தத் தாயின் விருப்பம்.

நண்பர்களோடு கொடைக்கானல் சென்றவன், அங்கே தேனில் ஊறவைத்து ஒளித்து விற்கப்படும் போதைக் காளானைத் தின்றிருக்கிறான். "இது இரசாயனம் இல்லை, இயற்கை மருந்து, மனக்கவலையைப் போக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். சில மணி நேரம் வண்ணங்களும் வடிவங்களுமாய்க் கழிந்தன. பிறகு அச்சம் பற்றிக்கொண்டது. ஊர் திரும்பிய பின்னும் கண்ணை மூடினால் அதே வடிவங்கள். மூடாவிட்டால் மூளை ஓடிக்கொண்டே இருந்தது.

இங்கே நம் தவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். "பாவத்தின் விளைவு, செபத்தில் தீரும்" என்று நாம் முடிவு கட்டினோம். மறுநாள் வெள்ளிக்கிழமை, பக்கத்துப் பங்கில் முழு இரவுச் செபம். அதற்குப் போகச் சொல்லி அனுப்பினோம். ஆறு நாள் உறங்காதவனை, ஏழாவது இரவும் விழித்திருக்க நாமே அனுப்பினோம்! சனிக்கிழமை விடியலில் அவன் திரும்பி வந்தபோது, பாடல்களின் ஒவ்வொரு சொல்லும் தனக்கு மட்டுமே அனுப்பப்பட்ட செய்தி என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். அந்தக் கண்களில் பக்தி இல்லை; களைப்பும் இல்லை. அப்போதுதான் நமக்கு அச்சம் பிடித்தது.

அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மனநல மருத்துவர் காளானைப் பற்றிச் சில கேள்விகளே கேட்டார். குடும்பத்தைப் பற்றிப் பல கேட்டார். நெடுநேரம் தலைகுனிந்திருந்த தாய், தம் உடன்பிறந்தவர் ஒருவர் இளமையில் மனம் பேதலித்திருந்ததைச் சொன்னார். சம்பந்தங்கள் முறிந்துவிடக் கூடாதே என்று இருபது ஆண்டுகளாக மறைத்துவைத்த செய்தி அது. மகனுக்கே அது அன்றுதான் தெரிந்தது.

மருத்துவர் விளக்கியதை நமக்கு விளங்கிய அளவில் சொல்கிறோம். அந்தக் காளானிலுள்ள சைலோசிபின் உடலுக்குள் சைலோசினாக மாறி, மூளையில் செரோடோனின் செயல்படும் இடங்களில் சென்று ஒட்டுகிறது. விழிப்பையும் உறக்கத்தையும் முறைப்படுத்துவதில் செரோடோனினுக்கும் பங்குண்டு. போதை நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். பலருக்கு உறக்கமும் விரைவில் சீராகும். ஆனால் சிலருக்கு அச்சம் தங்கிவிடுகிறது. அச்சத்தால் உறக்கம் கெடுகிறது. உறக்கம் கெட்டதால் அச்சம் வளர்கிறது. குடும்பத்தில் மனநோய் இருந்தவர்களுக்கோ, உள்ளே அடங்கிக் கிடப்பதை அது தட்டி எழுப்பிவிடக் கூடும். பல இரவுகள் உறங்காமலே ஒருவர் ஊக்கம் குன்றாமல் பேசிக்கொண்டிருந்தால், அது ஆவியின் வரமன்று. மருத்துவரை நாட வேண்டிய அடையாளம்.

மெக்சிகோவின் வாகாகா மலைநாட்டில் மரியா சபினா என்ற கத்தோலிக்க மூதாட்டி, நோயாளிகளுக்காக இரவு வழிபாடுகளில் இக்காளான்களைப் பயன்படுத்தி வந்தார். 1957இல் ஓர் அமெரிக்க இதழில் செய்தி வெளிவந்ததும் வேடிக்கை தேடுவோர் அவ்வூரில் குவிந்தனர். ஊரார் சினந்து அவர் வீட்டையே எரித்தனர். 1962ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று, பாஸ்டன் பல்கலைக்கழகச் சிற்றாலயத்தில் இறையியல் மாணவர் இருபது பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பத்துப் பேருக்குச் சைலோசிபின் கொடுக்கப்பட்டது. அவர்களில் பலர் ஆழ்ந்த இறை அனுபவம் பெற்றதாகக் கூறினர். ஒருவரோ கட்டுமீறிப் போக, அவருக்கு ஊசி போட்டு அமைதிப்படுத்தினார்கள். அந்த ஊசியைப் பற்றி முதல் அறிக்கை வாய் திறக்கவில்லை. 1991இல்தான் அது வெளியே தெரிந்தது. இன்று மனச்சோர்வுக்கு இதை மருத்துவர் கண்காணிப்பில் ஆய்ந்து வருகிறார்கள் என்பது உண்மை. அங்கும் குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. நம் நாட்டில் சைலோசிபின் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பொருள்.

அந்த நாட்களில் நமக்கு இலொயோலா இஞ்ஞாசியார் நினைவுக்கு வந்தார். கோட்டாற்றுப் பேராலயத்தின் பாதுகாவலரான சவேரியாருக்கு ஆன்மிகத் தந்தை அவரே அல்லவா? 1522இல் மன்ரேசாவில் தவமிருந்தபோது, படுக்கப் போகும் நேரத்தில் பேரொளியும் ஆறுதலும் அவரை நிறைத்தனவாம். உறங்குவதற்கென்று ஒதுக்கிய சிறிது நேரமும் பறிபோயிற்று. இவை நல்ல ஆவியிடமிருந்து வருபவைதாமா என்று அவர் ஐயுற்றார். அவற்றை ஒதுக்கிவிட்டு உறங்குவதே நலம் என்று முடிவு செய்தார். குருத்துவக் கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள் நாம். தேவை வந்தபோது மறந்துபோனோம்.

சாக விரும்பிச் சூரைச்செடியின் அடியில் படுத்த எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. செபிக்கச் சொல்லவும் இல்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து மீண்டும் உறங்க விட்டார். ஓரேபு மலைப் பயணம் அதன் பிறகுதான். உண்டு உறங்கியவனுக்கே இறைக்குரல் மெல்லிய ஒலியாய்க் கேட்டது.

பெற்றோரே, பிள்ளை உறங்கவில்லை என்றால் முதலில் வையாதீர்கள். என்ன தின்றான் என்று சினமின்றிக் கேளுங்கள்; உண்மை சொல்லும் துணிவை அவனுக்குக் கொடுங்கள். குடும்பத்தின் நோயை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். எங்கு போவது என்று தெரியாவிட்டால், அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416 இரவிலும் இயங்குகிறது. செபமும் வேண்டும், ஆனால் அது மருந்தோடு சேர்ந்து நடக்கட்டும், மருந்தை வழிமறித்து நிற்க வேண்டாம்.

மாத்திரைகளும், ஒரே நேரத்தில் படுக்கும் ஒழுங்கும், கைபேசி இல்லாத இருட்டறையும், தாயின் காவலுமாக மூன்று வாரம் சென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாம் மறையுரை ஆற்றிக்கொண்டிருக்கையில், ஆண்கள் பகுதியின் கடைசி இருக்கையில் அவன் தூணில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். உபதேசியார் தட்டி எழுப்பப் போனார். நாம் பீடத்திலிருந்தே கையசைத்துத் தடுத்தோம். முப்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில், நம் மறையுரையில் ஒருவர் உறங்கியதற்காக இறைவனுக்கு நன்றி சொன்னது அந்த ஒரு நாள்தான்.