கறந்தவர் வீட்டுப் பால்

1960-களில் பங்குப் பள்ளிகளில் பயின்ற நம்மில் பலருக்குப் பால் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மாட்டுத் தொழுவம் அன்று, பால் பவுடர் மூட்டைதான். அமெரிக்க நாட்டின் 1954-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்கீழ்க் கப்பலேறி வந்த கொழுப்பு நீக்கிய பால் பவுடர், தொண்டு நிறுவனங்களின் வழியாக நம் பங்கு வளாகங்களை வந்தடைந்தது. அண்டாவில் வெந்நீர் ஊற்றிக் கரைத்து, வரிசையில் நின்ற எங்களுக்கு அலுமினியக் குவளையில் வார்த்தார்கள். கட்டி கட்டியாய் மிதக்கும். சிலருக்கு வயிறும் கடமுடவென்று இரையும். ஆயினும், காலையில் நீராகாரம் மட்டுமே அருந்தி வந்த பிள்ளைகளுக்கு அது பெரும் கொடைதான்.

ஏறத்தாழ அதே வகைக் கொடையை வேறொருவர் வேறு விதமாகக் கையாண்டார். கோழிக்கோட்டில் 1921-இல் பிறந்து, சென்னை இலயோலா கல்லூரியில் பயின்ற வர்கீஸ் குரியன், 1949-இல் குஜராத்தின் ஆனந்த் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். 1970-இல் அவர் தொடங்கிவைத்த 'வெண்மைப் பெருக்கு'த் திட்டத்தில், ஐரோப்பிய நாடுகள் இலவசமாய் அளித்த பால் பவுடரும் வெண்ணெய் நெய்யும் இலவசமாய்ப் பகிரப்படவில்லை. அவை பாலாக்கி விற்கப்பட்டன. அந்தப் பணத்தில் பால் பண்ணைகளும் ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கங்களும் எழுந்தன. 1998 முதல் உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு நம்முடையது. தமக்குப் பால் பிடிக்காது என்றும், தாம் அதைக் குடிப்பதில்லை என்றும் குரியனே சொல்லியிருப்பதுதான் வேடிக்கை!

பால் பெருகியது; ஐயமில்லை. யாருடைய குவளையில் பெருகியது என்பதே நம் கேள்வி. கிராமத்துப் பாலெல்லாம் நகரத்துக்குப் போய்விடுகிறதே என்ற குறை அத்திட்டம் நடந்த காலத்திலேயே எழுந்ததுண்டு. அக்குறைக்குச் சான்று தேடி நாங்கள் வெளியே போக வேண்டியதில்லை.

எங்கள் அன்னையார் நாற்பது ஆண்டுகள் மாடு கறந்தவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, கன்றை ஊட்டவிட்டு, மடியைக் கழுவிக் கறப்பார். நுரையடங்குமுன் பால் சங்கத்துக்குப் போயாக வேண்டும். அங்கே கொழுப்புச் சத்தையும் இதர திடச் சத்தையும் பார்த்து விலை போடுவார்கள். வீட்டுக்கென்று மிஞ்சுவது ஓர் உழக்கு. அதில் தந்தையாருக்குக் காப்பி, பள்ளி செல்லும் ஆண் பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரைக் குவளை, வந்துவிட்டால் விருந்தினருக்கு. பெண் பிள்ளைகளுக்கு மோர். அன்னையாருக்குக் கருப்பட்டி போட்ட வரக்காப்பி. இதை யாரும் கட்டளையிட்டுச் செய்யவில்லை. அன்னையாரே பங்கிட்டார், அதில் நியாயக்குறைவு இருப்பதாக அவருக்கே தோன்றவில்லை.

எழுபதாம் வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து அவரது இடுப்பெலும்பு முறிந்தது. எலும்பு மெலிந்திருக்கிறது என்ற மருத்துவர், "பால் குடிப்பீர்களா அம்மா?" என்று வினவினார். "கறக்கத்தான் தெரியும் ஐயா, குடிச்சுப் பழக்கமில்லே" என்றார் அன்னையார். மருத்துவர் சிரித்தார். எங்களால் சிரிக்க இயலவில்லை.

பால் குடித்திருந்தால் எலும்பு முறிந்திராது என்று நாம் சாதிக்கவில்லை. முதுமை, உழைப்பு, பேறுகாலங்கள் எனக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் கணக்கு ஒன்று இருக்கிறது. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் திருத்தி அறிவித்த அளவு. 200 மில்லி பசும்பாலில் அதில் ஏறத்தாழ கால் பங்கு கிடைக்கும்; கூடவே ஆறு கிராமுக்குக் குறையாத புரதமும் உண்டு. மீனோ முட்டையோ இறைச்சியோ அரிதாகவே காணும் வீட்டில், பி12 என்னும் உயிர்ச்சத்துக்கும் பாலையும் தயிரையும் விட்டால் வழி குறைவு. பாலும் தயிருமாக நாளுக்கு 300 மில்லி என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. காப்பியில் நிறம் மாற ஊற்றும் பாலை இக்கணக்கில் சேர்ப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பாலே அமுதம் என்று முழங்குவோரோடும் நமக்கு உடன்பாடில்லை. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. சோகை பிடித்த பெண்ணுக்குப் பால் மட்டும் மருந்தாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் பசும்பாலை வைக்கலாகாது. பருவம் கடந்தபின் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பலருக்குக் குறைந்துவிடுவதும் இயல்பே. அன்று பள்ளி வளாகத்தில் வயிறு இரைந்ததற்கு அதுவும் காரணமாயிருக்கலாம். அத்தகையோருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். உறை ஊற்றும்போதே அச்சர்க்கரையில் ஒரு பகுதி புளித்துப் போய்விடுகிறது. பாலே வேண்டாம் என்போருக்குக் கேழ்வரகும், முள்ளோடு உண்ணும் நெத்திலியும் இருக்கவே இருக்கின்றன.

அன்னையார் படுக்கையில் இருந்த நாள்களில்தான் தம்பியின் மனைவி இக்கணக்கைக் கையிலெடுத்தாள். மாடு நாளுக்கு எட்டு லிட்டர் கறந்தது. வீட்டில் ஐவர், ஆளுக்கு 300 மில்லி என்றால் ஒன்றரை லிட்டர். மாட்டுக் கடனுக்கோ சங்கத்துப் பணத்தில்தான் தவணை கட்டியாக வேண்டும். இரண்டு நாள் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்து, ஒரு லிட்டரை நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தாள். கடன் தீர இரண்டு மாதம் கூடுதலாயிற்று. "குடிச்சுத் தீர்க்கவா மாடு வாங்கினோம்?" என்று அன்னையார் படுத்தபடியே கடிந்துகொண்டார். "மாட்டுக்குத் தவிடு வைக்கிறோமே அத்தை, அதைக் கணக்குப் பார்க்கிறோமா?" என்றாள் அவள்.

கேனின் மூடியைச் சாத்துமுன் ஒரு செம்பை மொண்டு தனியே வைத்துவிடுவது அன்றுமுதல் வழக்கமாயிற்று. பேத்திக்கும் பேரனுக்கும் ஒரே அளவுக் குவளை. அன்னையாருக்கு வெறும் பால் இறங்கவில்லை. இரவில் உறை ஊற்றி, மறுநாள் நண்பகல் கெட்டித் தயிராகச் சோற்றில் பிசைந்து கொடுத்தார்கள். உப்பு குறைவு என்று குறை சொல்லிக்கொண்டே உண்டார்.