கொல்லைப்புறத்தில் ஓர் அறை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, இலக்கியம் அறிந்த அன்பர்கள் பலர் இருக்க, இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் குறிப்பெழுதிக் காலம் தள்ளும் என்போன்றவனிடம் கேட்பானேன் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு நினைத்துப் பார்த்தேன். சென்ற ஆண்டு முழுவதும் என் உறக்கத்தைக் கெடுத்த கோப்பு ஒன்று உண்டு. அது அலுவலகக் கோப்பன்று. அதன் மேலட்டையில் எழுதுவதானால் இப்படித்தான் எழுத வேண்டும்: 'பொருள்: திருவானைக்காவில் வாடகைக்கு விடப்பட்டுள்ள சிறு வீட்டில் கூடுதலாக ஒரு படுக்கையறை கட்டுவது குறித்து.' அதைப் பற்றியே எழுதுகிறேன். தலைநகரில் வாழும் நம்மவருள் ஊரில் ஒரு பழைய வீட்டையும் அதில் ஒரு குடித்தனத்தையும் வைத்திருப்போர் என்னைப் புரிந்துகொள்வர்.

வீடு என்று சொல்கிறேனே தவிர, அது ஒரு திண்ணை, ஒரு கூடம், ஓர் அடுக்களை, பின்னால் கொல்லை, அவ்வளவுதான். என் தந்தையார் 1979-இல் வாங்கியது. தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட பழைய தளம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த தீவல்லவா எங்கள் ஊர்? கருவறைக்குள்ளேயே நீர் ஊறும் தலம். ஆகவே எங்கள் வீட்டுச் சுவர்களிலும் ஓதம் ஏறுவதைக் குறையாகச் சொல்ல வாய் வருவதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்து காவிரி வந்துவிட்டால், கொல்லையிலுள்ள உறைக்கிணற்றில் கயிற்றின் நீளம் குறையும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் புரண்டு பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததே, அந்த ஆண்டு பின்சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் நின்றதாகக் குடியிருப்பவர் தொலைபேசியில் சொன்னார்.

தந்தையார் மறைந்தபின் தாயாரைத் தில்லிக்கு அழைத்து வந்தேன். 2016-இல் அவர்களும் போய்விட்டார்கள். அதன்பின் வீட்டைப் பூட்டி வைத்தால் கரையான் தின்னும் என்று உறவினர் சொன்னதால் வாடகைக்கு விட்டேன். வந்தவர் சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் கணக்கெழுதுபவர். கணவன், மனைவி, ஒரு பெண், ஒரு பையன். இப்போது அவருடைய தாயாரும் உடனிருக்கிறார். வாடகை மாதம் 6,000 ரூபாய். ஒன்பது ஆண்டுகளில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. எங்களுக்குள் எழுத்து மூலமான ஒப்பந்தம் எதுவும் இல்லாதிருந்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. நாள் முழுவதும் பிறர் எழுதியதில் விதி பார்த்துப் பிழை காண்பவன் நான். என் வீட்டுக் காரியத்தில் வாய்ச்சொல்லே போதும் என்றிருந்துவிட்டேன்.

சென்ற ஆண்டு மே மாதம் ஓர் உறவினர் இல்லத் திருமணத்துக்காகத் திருக்குறள் விரைவு வண்டியில் திருச்சி சென்றேன். ஓர் இரவு அந்த வீட்டிலேயே தங்கும்படி ஆயிற்று. 'உங்க வீட்டுல நீங்க தங்கறதுக்கு எங்களைக் கேக்கணுமா சார்?' என்று அவர் சொன்னது உபசாரம்தான். ஆயினும், நான் தங்கியதால் அவர்கள் பட்ட சிரமத்தைக் கண்டபோது, விடுதிக்கே போயிருக்கலாமே என்று கூசினேன். எனக்குத் திண்ணையில் பாய் விரித்தார்கள். கூடத்தில் பாட்டி, தந்தை, மகன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண், எல்லோரும் உண்டு முடித்துப் பாத்திரம் கழுவி, தரை காயும்வரை காத்திருந்து, பின் அடுக்களையில் பாயை விரித்தாள். நள்ளிரவு கடந்தும் அங்கே விளக்கெரிந்தது. விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போக எழுந்தவன், கூடத்து மூலையில் பாட்டி ஒரு பழம்புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், திரைக்கப்பால் பேத்தி பள்ளிச் சீருடைக்கு மாறுவதையும் அறிந்து, சட்டென்று திண்ணைக்கே திரும்பி, செய்தித்தாள் வரும் நேரம் ஆகாதபோதும் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

காப்பி கொண்டுவந்து வைத்த அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: 'அண்ணே, கொல்லையில ஒரு ரூம் மட்டும் எடுத்துக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும். வாடகை கூட்டிக்குங்க. இல்லைன்னா நாங்க வேற இடம் பாக்க வேண்டியிருக்கும். பொண்ணு பெரிசாயிட்டா.'

அன்று மாலையே ஒரு கொத்தனாரை அழைத்து வந்தேன். என் தந்தையாரை அறிந்த முதியவர். மாடியில் எடுக்கலாமா என்று கேட்டேன். உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். சுவரில் விரலால் சுரண்டினார். சாந்து மணலாய் உதிர்ந்தது. 'தம்பி, இது அவங்க காலத்துத் தளம். தன்னைத் தாங்குறதே பெரிசு. மேல ஏத்தாதீங்க' என்றார். ஆகவே கொல்லைதான். அங்கே இன்னொரு சிக்கல். பன்னிரண்டுக்குப் பத்தடியில் அறை எடுத்து, அதனோடு ஒரு குளியலறையும் சேர்த்தால் உறைக்கிணறு உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். கிணற்றை மூட வேண்டும். மூடாமல் விட்டால் பதினொன்றுக்கு ஒன்பது, குளியலறை கிடையாது. சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்று கணக்குச் சொன்னார். பெரிய திட்டத்துக்குச் சுவர் உட்பட 150 சதுர அடிக்கு 3,60,000, குளியலறைக்கு 90,000, ஆக நாலரை லட்சம். சிறிய திட்டம் 125 சதுர அடி, மூன்று லட்சம்.

தில்லிக்குத் திரும்பும் வண்டியில் உட்கார்ந்து, பயணச்சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன். ஊர்த் தரகர் ஒருவர், குளியலறையோடு கூடிய படுக்கையறை இருந்தால் புதிதாக வருபவரிடம் 9,000 வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். இப்போதிருப்பவரால் 7,500-க்கு மேல் முடியாது. புதியவர் என்றால் ஆண்டுக்கு 36,000 கூடுதல், போட்ட நாலரை லட்சம் பன்னிரண்டரை ஆண்டில் திரும்பும். பழையவருக்காகச் சிறிய அறை கட்டினால் ஆண்டுக்கு 18,000 கூடுதல், மூன்று லட்சம் திரும்பப் பதினாறு ஆண்டு எட்டு மாதம். அதே மூன்று லட்சத்தை ஆறரை விழுக்காடு வட்டிக்கு வங்கியில் போட்டு வைத்தால் ஆண்டுக்கு 19,500 வரும். அதாவது அறை கட்டுவதால் ஆண்டுக்கு 1,500 நட்டம். வாடகை காலப்போக்கில் ஏறும், வைப்புத்தொகை ஏறாது என்பது உண்மைதான். ஆனால் சுண்ணாம்பு அடிப்பதும், குழாய் பழுது பார்ப்பதும், குடித்தனம் மாறும்போது ஓரிரு மாதம் காலியாகக் கிடப்பதும் அதைவிட உண்மை. வாடகை வருமானத்தில் முப்பது விழுக்காட்டைக் கழித்துக்கொள்ள வருமானவரிச் சட்டமே இடம் தருகிறது. சட்டம் இயற்றியவருள் வீட்டுக்காரர் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

நான் பணியில் சேர்ந்தது 2005. அதற்கு முந்தைய ஆண்டின் முதல் நாளோடு பழைய ஓய்வூதிய முறை புதியவர்களுக்கு நின்றுபோயிற்று. ஓய்வுக்குப் பின் மாதாமாதம் வரும் எந்தச் சிறு தொகையும் எனக்கு அற்பமன்று. வீடு கட்ட அரசு தரும் முன்பணத்தையும் விசாரித்தேன். 2017 விதிகளின்படி, உள்ள வீட்டை விரிவாக்கப் பத்து லட்சம் வரை உண்டு. முதலில் அசல், பிறகு வட்டி என்று பிடித்தம் செய்வார்கள். நல்ல திட்டந்தான். ஆனால் மூன்று லட்சத்துக்காக வீட்டுப் பத்திரத்தை அடமானம் எழுதி, வரைபடம், மதிப்பீடு, வில்லங்கச் சான்று என்று கட்டாகச் சேர்க்க வேண்டும். எனக்குக் கோப்பு அச்சமில்லை. கோப்பு எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை உள்ளிருந்தே அறிந்தவன் என்பதே தடை.

உண்மையான தடை வீட்டில் இருந்தது. நாங்கள் இருப்பது இரண்டாம் வகை அரசுக் குடியிருப்பு. இரண்டே அறைகள். பத்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் பெண், கூடத்தில் இரும்பு அலமாரியைக் குறுக்கே நிறுத்தி அதன் பின்னால் மேசை போட்டுப் படிக்கிறாள். அலமாரிக்கு இப்புறம் தொலைக்காட்சி. பால்கனியை அடைத்து அவளுக்கு அறையாக்கலாம் என்றால் விதி இடம் தராது. விதியை மீறி அடைத்தவர்கள் உண்டு. எழுத்தனுக்கு அந்தத் துணிவு வருவதில்லை.

நான் கணக்கை விரித்துச் சொன்னதும் என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, 'ஏங்க, நம்ம பொண்ணு அலமாரிக்குப் பின்னால உக்காந்திருக்கா. நீங்க அடுத்தவங்க பொண்ணுக்கு ரூம் கட்டப் போறீங்களா?' என்றாள். அதற்கு விடை இல்லை. அவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டுமே, அப்போது துவாரகையிலோ நொய்டாவிலோ ஒரு சிறு அடுக்ககத்துக்கு முன்பணம் என்று சேர்த்த தொகை அது. திருவானைக்காவுக்குத் திரும்பிப் போய் வாழ்வோம் என்று நான் சொல்வதை அவள் நம்புவதில்லை. சொல்லும்போது நானும் முழுதாக நம்புவதில்லை என்பதை அவள் அறிவாள். பழமொழி வீட்டைக் கட்டிப் பார்க்கச் சொல்கிறது. கட்டிய வீட்டில் யார் இருப்பார் என்று அது பேசவில்லை.

இரண்டு மாதம் கோப்பு அசையவில்லை. தரகர் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, 'அவங்களைக் காலி பண்ணச் சொல்லுங்க சார், நான் நல்ல பார்ட்டி கொண்டு வர்றேன்' என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையாகவே யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நாலரை லட்சமும் பன்னிரண்டரை ஆண்டும் என்று தாளில் பார்த்தால் அதுவே சரியான விடை.

என் தங்கை நாகப்பட்டினத்தில் இருக்கிறாள். வீட்டில் அவளுக்குள்ள பங்கை 2017-இல் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். சட்டப்படி அவளைக் கேட்க வேண்டியதில்லை. ஆயினும் கொல்லையில் கைவைக்குமுன், அம்மாவின் கிணறாயிற்றே என்று கேட்டேன். கிணற்றை மூடாதே என்று அழுவாள் என எதிர்பார்த்தேன். அவள் கிணற்றைப் பற்றியே பேசவில்லை.

'அண்ணா, அந்த வீட்டுல இருபத்திரண்டு வயசு வரைக்கும் இருந்தேன். துணி மாத்த ஒரு இடம் கிடையாது. நீயும் அப்பாவும் எப்ப வெளியே போவீங்கன்னு காத்துக்கிட்டு இருப்பேன். பரீட்சைக்குப் படிச்சது முழுக்க அடுக்களையிலதான். உனக்குத் தெரியுமா?' என்றாள்.

தெரியாது. அடுக்களையில் விளக்கெரிந்தது நினைவிருக்கிறது. அவளுக்கு அங்கே படிப்பதுதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறோம்.

அன்றிரவு அதை மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே இளகிவிட்டாள் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அவள் இளகவில்லை. சேமிப்பிலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, மீதியை அலுவலகக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்க வேண்டும், கூடுதலாக வரும் வாடகை முழுவதையும் பெண்ணின் பெயரில் தனிக் கணக்கில் போட வேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் விதித்தாள். மூன்றும் நியாயமானவை. ஏற்றுக்கொண்டேன். கூடத்துத் தொலைக்காட்சியை எங்கள் அறைக்கு மாற்றியதும் அந்த வாரத்தில்தான். அதை அவள் நிபந்தனையாகச் சொல்லவில்லை. நானே செய்தேன்.

சிறிய திட்டம்தான். கிணறு இருக்கும். வாடகை 7,500. தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடியிருப்பவரோடு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினோம். பணிநடத்தை விதிகளின்படி அலுவலகத்துக்கும் தெரிவித்தேன். என் கடிதத்தைப் பெற்றுக்கொண்ட சக ஊழியர், 'ஒரு ரூமுக்கா இவ்வளவு காகிதம்?' என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார். இந்தக் கணக்கில் எனக்கு இன்னும் ஆண்டுக்கு ஆயிரத்தைந்நூறு உதைக்கிறது. அதைச் சரி செய்யும் வழி தெரியவில்லை. அந்தப் பெண் கல்லூரி முடித்துத் திருமணமாகிப் போய்விட்டால், அல்லது அவர்களே வேறு ஊருக்குப் போய்விட்டால், பதினொன்றுக்கு ஒன்பதடி அறைக்குப் புதியவர் என்ன தருவார் என்பதும் தெரியாது.

தை பிறந்ததும் வானம் தோண்டினார்கள். மூன்றடியிலேயே ஈரமணல் வந்துவிட்டதாம். ஓதம் ஏறாமலிருக்கக் கடைக்காலின் மேல் பட்டைக்கான்கிரீட் போடுவதாகக் கொத்தனார் சொன்னார். சுவர் எழும்பியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அழைத்து, சன்னலைக் கிணற்றுப் பக்கம் வைக்கலாமா, கதவு கூடத்தைப் பார்த்துத் திறக்கட்டுமா, அடுக்களையைப் பார்த்துத் திறக்கட்டுமா என்று கேட்டார். நான் தாளில் கோடு போட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அலமாரிக்குப் பின்னாலிருந்து என் மகள் குரல் கொடுத்தாள்:

'எந்தப் பக்கம் வேணா வெக்கட்டும்ப்பா. உள்பக்கம் தாழ்ப்பாள் வெக்கச் சொல்லுங்க.'

கொத்தனாரிடம் அப்படியே சொன்னேன். பித்தளையா, இரும்பா என்று கேட்டார். அந்த ஊர் ஓதத்தில் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளையே போடுங்கள் என்றேன்.