மதில் பக்கம் வாட்டம்

1998இல் நாங்கள் வீடு கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போவோம். 2020இல் தெருவிலிருந்து ஒரு படி இறங்கி உள்ளே போனோம். வீடு நகரவில்லை, பழைய தாருக்கு மேல் புதுத் தார் என்று போட்டுப் போட்டே தெரு வளர்ந்துவிட்டது. தென்சென்னைப் புறநகரில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் சும்மா இருக்கவில்லை, மனு எழுதினேன். ஒன்றல்ல, பதினொன்று. 'அடுத்தவர் வீட்டுக்குள் தண்ணீரைத் தள்ளிவிடுவதற்குப் பெயர் சாலையா?' என்று ஒரு மனுவில் கேட்டிருந்தேன். எழுதி முடித்து அந்த வரியை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021இல் அறிவுறுத்தினார். எங்கள் தெருவுக்குச் சுரண்டும் இயந்திரம் வர 2023 செப்டம்பர் ஆயிற்று. பல் வைத்த உருளை சுற்றச் சுற்ற, இருபது வருடத் தார் பொடியும் ஜல்லியுமாகப் பெயர்ந்து பெல்ட்டில் ஏறி டிப்பரில் கொட்டியது. தேர் பார்க்கிற பிள்ளை மாதிரி நின்று பார்த்தேன். பிறகு ஓட்டுநரிடம் மெதுவாகப் பேசினேன். மாலையில் இரண்டு யூனிட், அதாவது இருநூறு கன அடி, என் வாசலில் இறங்கியது. அது யாருடைய சரக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

கேட்டிலிருந்து பின்பக்க ஷெட் வரை கார் போகும் வழி நாற்பதடி நீளம், பத்தடி அகலம். பழைய சிமென்ட் தரை உடைந்து கிடந்தது. பேவர் பிளாக் போட விலை விசாரித்து மலைத்திருந்த நேரம். வீணாகப் போகும் தாரை வழியாக மாற்றப் போகிறேன், மலையை உடைத்து வரும் ஜல்லி மிச்சம் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அந்தக் கணக்கில் பிழை இல்லை. பிழையெல்லாம் நான் செய்த விதத்தில்.

சுரண்டிய ஜல்லியில் எடைக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு போலத் தார் ஒட்டியிருக்கும். வெயிலும் காற்றும் பட்டு இறுகிப்போன தார் அது. மறுபடி ஒன்றோடொன்று பிடிக்க வேண்டுமானால் சூடு வேண்டும், மேலே பாரம் வேண்டும். நம் சாலைகளுக்குப் போடும் விஜி-30 தார் புதிதாக இருக்கும்போதே 47 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும். பழசுக்கு இன்னும் அதிகம் வேண்டும். கத்திரி வெயிலில் கறுப்புத் தரை 60 டிகிரியையும் தாண்டிக் கொதிக்கும். அதுதான் இதற்கான காலம். நானோ ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று மேகமூட்டத்தில் பரப்பினேன். ரோலர் வாடகையை மிச்சம் பிடிக்க, திமிசுக்கட்டையால் ஒரு நாள் இடித்தார்கள். மறுநாள் நான் என் சின்னக் காரை முன்னும் பின்னுமாக இரண்டு மணி நேரம் ஓட்டினேன். டயர் போன தடம் மட்டும் இறுகியது. யாரோ சொன்னார்கள் என்று டீசல் வேறு தெளித்தேன். தார் பிடித்ததோ இல்லையோ, ஓரத்துக் கறிவேப்பிலை பட்டுப்போனது. டீசல் தாரைக் கரைக்கும், மண்ணுக்குள்ளும் இறங்கும். கேட்பவர்களுக்கெல்லாம் இப்போது டீசலுக்குப் பதில் தார் எமல்ஷனைச் சொல்கிறேன்.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. டீச்சரம்மா வீட்டுப் பின்னறையில் முழங்கால் தண்ணீர். அந்த மழையில் யார் வீட்டில்தான் வரவில்லை என்று நானே முதல் ஆளாகச் சொன்னேன். ஆனால் பொங்கலுக்கு முன் ஒரு சாதாரண மழை பெய்தது. தெருவில் யார் வீட்டிலும் தண்ணீர் இல்லை. டீச்சரம்மா வீட்டில் மட்டும் இருந்தது.

மறுநாள் காலை கேட்டருகே வந்து நின்றார். சண்டை போடவில்லை.

"தம்பி, சாலைக்கு எழுதுன மனு நகல் ஒண்ணு இருந்தா குடுங்களேன். பேரை மட்டும் மாத்தி உங்களுக்கே குடுத்துடறேன்."

எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தெரியாமல் நடக்கவில்லை. தார் கொட்டும் முன், வழியைத் தெருவோடு சமமாக்க அரையடி உயரத்துக்குக் கட்டட இடிபாடு நிரப்பச் சொன்னவன் நான். மேஸ்திரி ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகவே கேட்டார்:

"வாட்டம் எந்தப் பக்கம் சார் குடுக்கறது? ரோட்டுப் பக்கம் தண்ணி ஏறாது. இந்தப் பக்கம் விட்டா உங்க வீடு. மதில் பக்கம் விட்டுடவா?"

மதிலின் அடியில் இரண்டு துளைகள் இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பதும் தெரியும். "விடுங்க" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

2024 மே மாதம், அக்னி நட்சத்திரத்தில், எல்லாவற்றையும் வாரினோம். இடிபாடு வெளியே போனது. அதே தார் ஜல்லியைச் சலித்து, கட்டிகளை உடைத்து, நாலு அங்குலம் பரப்பி, நண்பகலில் சின்ன ரோலரை அரைநாள் வாடகைக்கு எடுத்து ஓட்டினோம். அது மூன்று அங்குலமாக இறுகியது. இந்தச் சரக்கின் நல்ல குணம் இது, பெயர்த்துப் போட்டாலும் மறுபடி சேரும். வாட்டம் இப்போது என் வீட்டுப் பக்கம், பத்தடிக்கு இரண்டரை அங்குலம். சுவரோரம் ஒரு வாய்க்கால், அது போய்ச் சேரும் இடம் மழைநீர் சேகரிப்புக் குழி. 2003இல் கட்டாயம் என்றார்களே என்று தோண்டி, அதன்பிறகு நான் திறந்தே பார்க்காத குழி. தூர் வாரியபோது இரண்டு கிரிக்கெட் பந்தும் ஒரு செருப்பும் கிடைத்தன. மதில் துளைகளைச் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. கேட்டைத் தாண்டி இறங்கும்போது காரின் அடிப்பாகம் இன்னும் உரசுகிறது.

இரண்டு யூனிட்டில் அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம் கிடக்கிறது. டீச்சரம்மா தன் வாசலுக்கு அதைக் கேட்டிருக்கிறார். வாட்டம் எந்தப் பக்கம் என்று நான் இன்னும் கேட்கவில்லை.