அலிபாகில் ஒரு பகல்

சென்ற மார்கழி விடுமுறையில் தாயாருடனும் குழந்தைகளுடனும் மும்பையிலிருந்து முருட் புறப்பட்டோம். மாண்ட்வா வரை மோட்டார்ப் படகு, அப்பால் பேருந்து. வழியிலுள்ள அலிபாகில் ஒரு பகல் தங்கினோம்.

இவ்வூரின் பூகாந்த நிலையம் 1904-இல் அமைந்தது. மும்பையில் மின்சார டிராம் வரவிருந்தது. அதனால் நகரத்துக் கருவிகள் பிழை காட்டுமென்று அப்பணியை இங்கே மாற்றினர். டிராம் 1964-இல் மறைந்தது, நிலையம் நிற்கின்றது.

கடலினுள்ளே கொலாபா கோட்டை. சிவாஜி மன்னர் தொடங்கியது. பின்னர் கான்ஹோஜி ஆங்கிரேயின் கப்பற்படைக்குத் தளமாயிற்று. நீர் வற்றும் வேளையில் நடந்தே செல்லலாம். நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்திருக்க, உள்ளே கிணற்றில் நன்னீர்!

எங்கள் தாயார் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். மும்பைக்கு வந்தபின், பாஷை தெரியாமையால், காய்கறி வாங்கவும் எங்களையே எதிர்பார்த்திருப்பவர். அன்று மதிலருகே நின்று கடலை நோக்கியவர், "தம்பி, தண்ணீர் திரும்பிவிட்டது, புறப்படு" என்றார். இரயில்வே அட்டவணையோடு பழகிய நாங்களோ, கடிகாரத்தைக் காட்டி, "இன்னும் அரைமணி உண்டு" என்றோம். தாயார் மறுமொழி கூறாது பேத்தியின் கையைப் பற்றி நடக்கலானார். வேறு வழியின்றி நாங்களும் தொடர்ந்தோம். பாதி வழியில் நீர் எங்கள் முழங்காலைத் தொட்டது. குழந்தையைத் தோளில் ஏற்றினோம்.

கரையேறியபின் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு புன்னகைத்தார். மும்பையில் அவர் அவ்வாறு சிரித்து நாங்கள் கண்டதில்லை.

அங்கே செல்லும் அன்பர்கள் நீர் ஏறும் நேரத்தை முன்னரே விசாரித்தறிக. வீட்டுப் பெரியவர்களையும் தவறாது உடனழைத்துச் செல்க.