சிங்கைக் காட்சிகளில் நம் வீட்டுக் கதை

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வானத்தைத் தொடும் கட்டடங்கள், இரவைப் பகலாக்கும் விளக்குகள், தேக்காவில் வாங்கிய சேலை, முஸ்தபாவில் வாங்கிய பெட்டி என்று கதை கதையாகச் சொல்வார்கள். காட்டுவதற்குப் பத்துப் பதினைந்து புகைப்படங்களும் இருக்கும். எல்லாம் நல்ல காட்சிகள்தாம். ஆனால், தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த நமக்கு அந்த ஊரில் வேறு வகைக் காட்சிகளும் உண்டு. அவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. வீட்டுப் பெரியவர்களின் நினைவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் நீங்கள் சிங்கைக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஜொகூர் பாலத்திலேயே நம் கதை தொடங்கிவிடுகிறது. 1924-இல் முறையாகத் திறக்கப்பட்ட பாலம் இது. 1942 ஜனவரி 31-இல், ஜப்பானியர் வந்துவிடக் கூடாதென்று பிரிட்டிஷ் படையினர் இதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த நாட்களைக் கண்ட பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தாரானால் அவர் என்ன சொன்னார் என்பதைப் பேருந்தில் போகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

பால்மரத்தின் தாய்வீடு

முதலில் நீங்கள் போகவேண்டிய இடம் தாவரவியல் பூங்கா. பச்சைப் புல்வெளி, அன்னப்பறவைகள் நீந்தும் ஏரி, ஆர்க்கிட் மலர்கள் என்று அழகுக்குக் குறைவில்லை. 2015-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஆனால், நாம் தேடிப் பார்க்க வேண்டியது இங்கே நிற்கும் ரப்பர் மரத்தைத்தான்.

நம் பால்மரம் இந்த மண்ணில் பிறந்ததன்று. அதன் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டில் கியூவிலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மலாயா ரப்பரின் கதை அந்தக் கன்றுகளிலிருந்து தொடங்குகிறது.

1888-இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, இந்த மரத்தை நடுங்கள் என்று தோட்டத் துரைமார்களிடம் ஓயாமல் சொல்லி வந்தார். அப்போது காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரைக் 'கிறுக்கு ரிட்லி' என்று கேலி செய்தார்கள். கடைசியில் அவர் பேச்சைக் கேட்டு, 1896-இல் மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீனத் தோட்டக்காரர் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்டார். அதற்குப் பின் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேலி பேசியவர்களுக்கெல்லாம் பதில் சொல்வதுபோல் ரிட்லி நூறு வயது வரை வாழ்ந்து 1956-இல் காலமானார்.

அவர் கண்டுபிடித்த இன்னொன்று நம் கைகளுக்கு நன்றாகத் தெரியும். அமேசான் காட்டில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் காயப்பட்டுக் கெட்டது. ரிட்லியோ, பட்டையை மெல்லச் சீவி, அதே கோட்டை மறுபடி மறுபடி திறந்தால் மரமும் பிழைக்கும், பாலும் பெருகும் என்று காட்டினார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் நிரைக்குப் போன நம் தாய்மார்கள் நாள்தோறும் செய்தது அதைத்தான். ரிட்லி எழுதிவைத்தார், அவர்கள் செய்து காட்டினார்கள்.

பால் வெட்டிப் பழகிய பாட்டியம்மா ஒருவரை நான் அங்கே அழைத்துப் போயிருந்தேன். அறிவிப்புப் பலகையை அவர் பார்க்கவே இல்லை. கட்டைவிரலால் பட்டையைத் தடவினார். மரத்தைச் சுற்றி வந்தார். "பட்டை நல்லா இருக்கு தம்பி. ஏன் யாரும் வெட்டாம விட்டுட்டாங்க?" என்றார். அதன் பிறகு ஒரு மணி நேரம் மங்கு, ஒட்டுப்பால், மழை பெய்து வேலை நின்ற நாட்கள், பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட கிராணி என்று பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் அவற்றையெல்லாம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

தேக்காவின் மண்ணுக்கடியில்

அங்கிருந்து தேக்காவுக்கு வாருங்கள். சிராங்கூன் சாலையின் பூக்கடையும் நகைக்கடையும் உங்களுக்குப் புதியவை அல்ல. 1947 முதல் இயங்கிவரும் கோமளவிலாசில் தோசையும் சாப்பிட்டிருப்பீர்கள். கொஞ்சம் நின்று தெருப்பெயர்களைப் படியுங்கள். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை இரண்டுமே எருமையின் பெயரைத் தாங்கியவை. மாட்டுத் தொழுவங்களும் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கல் சூளைகளும் இருந்த வட்டாரம் இது. ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அப்பால் 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்தது. மாடு மேய்த்தும் சூளையில் வெந்தும் உழைத்த நம்மவர்கள் கும்பிட்ட வீரமாகாளியம்மன் கோயிலும், 1855-இல் தோன்றிய சீனிவாசப் பெருமாள் கோயிலும் இன்றும் அதே சாலையில் நிற்கின்றன. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்துதான் காவடிகள் டேங்க் ரோடு முருகனை நோக்கிப் புறப்படுகின்றன. வண்ணக் கடைகளைப் படம் எடுக்கும் பயணிகளுக்கு இது ஒரு வேடிக்கை. நமக்கோ, உழைப்பாளிகள் உருவாக்கிய ஊர்.

பாடாங் திடலில் நம் பெண்கள்

மாலையில் கடற்காற்று வாங்க எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போகலாம். நீரில் விளக்குகள் மின்னும் அழகு கண்கொள்ளாக் காட்சிதான். அங்கே இந்திய தேசிய இராணுவத்தின் நினைவாக 1995-இல் வைக்கப்பட்ட ஓர் அடையாளக் கல் இருக்கிறது. அதைத் தேடிப் பிடியுங்கள். மூல நினைவுச் சின்னத்தை 1945-இல் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பக்கத்திலுள்ள பாடாங் திடலில் 1943 ஜூலை 5-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் படையைப் பார்வையிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 22-இல், வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கேப்டன் லட்சுமியின் தலைமையில் துப்பாக்கி ஏந்திய அந்தப் பெண்களில் மிகப் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். வெட்டுக்கத்தி பிடித்த கைகள் துப்பாக்கி பிடித்தன. அதே காலத்தில் நம் ஆண்கள் எத்தனையோ பேர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பாமலே போனார்கள். உங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் யார், திரும்பி வந்தவர்கள் யார் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.

மலைமேல் நின்று கடலைப் பார்த்தால்

மறுநாள் மவுண்ட் ஃபேபர் குன்றின் மேல் ஏறுங்கள். துறைமுகமும் கப்பல்களும் தெற்குத் தீவுகளும் ஓவியம்போல் விரியும். அந்தத் தீவுகளில் ஒன்று செயிண்ட் ஜான்ஸ் தீவு. 1874 முதல் நெடுங்காலம் அங்கே நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. 'கொரண்டி' என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். கப்பலின் மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் வந்தவர்கள் கரை ஏறுமுன் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். நாகப்பட்டினத்திலிருந்து நம்மவர்களைச் சுமந்து வந்த 'ரஜூலா' கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. இன்று அந்தத் தீவுக்குக் குடும்பம் குடும்பமாகப் படகில் உல்லாசப் பயணம் போகிறார்கள். நம் பாட்டன்மாருக்கு அது உல்லாசமாக இருந்திருக்காது.

குன்றை விட்டு இறங்கினால் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் தொலைவில்லை. 1932-இல் திறந்த நிலையம். உள்ளே சுவரோவியங்களில் பால்மரம் வெட்டும் காட்சியும் உண்டு. 2011 ஜூன் 30-உடன் அங்கே ரயில் நின்றுவிட்டது. கட்டடம் தேசியச் சின்னமாகக் காக்கப்படுகிறது. தண்டவாளம் ஓடிய பாதையில் இப்போது மக்கள் நடை பழகுகிறார்கள்.

காட்சி மாறும், நினைவு?

திரும்பும் வழியில் ஈசூனின் அடுக்குமாடி வீடுகளைப் பாருங்கள். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட லிம் நீ சூன் என்பவரின் பெயர்தான் மாண்டரின் உச்சரிப்பில் ஈசூன் ஆயிற்று. பால்மரங்கள் நின்ற வட்டாரத்தில் இன்று பத்து மாடி வீடுகள். அவற்றின் ஜன்னலில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு அது தோட்டமாக இருந்த விவரம் யாராவது சொன்னால்தான் தெரியும்.

நம் பக்கத்திலும் இதே நிலைதான். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இருந்த இடம் தெரியவில்லை. பூங்காவையும் ரயில் நிலையத்தையும் காக்க அரசாங்கம் இருக்கிறது. எந்த லயத்தில் யார் இருந்தார், எந்தக் கப்பலில் யார் வந்தார் என்பதைக் காக்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஆகவே, சிங்கைக்குப் போகும்போது பாட்டியையோ தாத்தாவையோ வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கால் வலி என்பார்கள், மெதுவாக நடக்கட்டும். ஓர் இடம் குறைந்தாலும் பரவாயில்லை. மரத்தடியில் உட்காரவைத்துப் பேசவிடுங்கள். பெரிய பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், படத்தில் இருப்பவர்கள் யார் யார், அன்று அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் புகைப்படத்தின் பின்னால் பேனாவால் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள்.