சூடு கொண்டு போவது

மூதுரை வகுப்பில், சான்றோர் குணத்துக்குக் காய்ச்சிய பாலை உவமையாக்கும் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். "சுவை குறையாது, சரி. சத்து குறையுமா அம்மா?" என்றாள் மாணவி ஒருத்தி. மாடு வளர்க்கும் வீட்டுப் பெண். உரைநூல்களில் நான் காணாத ஐயம்.

லூயி பாஸ்டர் 1860களில் சூடேற்றிப் பார்த்தது திராட்சை மதுவைத்தான். பாலுக்கு அம்முறையை 1886இல் பரிந்துரைத்தவர் சாக்ஸ்லெட் என்னும் ஜெர்மன் வேதியியலாளர். 63 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 நொடி. காசநோய்க் கிருமி மடிய அது போதும். கேசின் புரதம், கொழுப்பு, லாக்டோஸ், சுண்ணாம்புச்சத்து ஆகியவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. வைட்டமின் சி குறைகிறது. பசும்பாலில் அது முன்பே சொற்பம். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி அறவே அழிகிறது. அது அழிந்துவிட்டதா என்று பார்த்தே, பால் போதிய சூடு கண்டதா என்று சோதிக்கிறார்கள். இழப்பே சான்றாகிவிடும் விந்தை! (ஆடை கட்டவில்லையே என்று பாக்கெட் பாலைப் பழிப்போர், கொழுப்புத் துளிகளைச் சிதைத்துக் கலக்கும் ஹோமோஜெனைசேஷனைத்தான் பழிக்க வேண்டும்.)

வகுப்பில் இவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். மனம் வேறொரு பாலை நினைத்துக்கொண்டிருந்தது.

என் தங்கைக்கு முப்பதாவது வாரத்திலேயே குழந்தை பிறந்தது. பால் சுரக்கவில்லை. தாய்ப்பால் வங்கியிலிருந்து, முகம் அறியாத தாய்மார்களின் பால் வந்தது. 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடேற்றிய பால். "யாருடைய பாலோ அக்கா. அதையும் சூடாக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?" என்று அழுதாள்.

பசும்பாலுக்குச் சொல்லும் ஆறுதலை இங்கே சொல்ல இயலாது. தாய்ப்பாலின் உயிரணுக்கள் மடிகின்றன. கொழுப்பைச் செரிக்கவைக்கும் லைபேஸ் நொதி முற்றிலும் அழிகிறது. கிருமிகளை எதிர்க்கும் லாக்டோபெரின் பெருமளவு போய்விடுகிறது; இம்யூனோகுளோபுலின் ஏ ஒரு பகுதிதான் தப்புகிறது. ஆனால் நற்கிருமிகளைக் குடலில் வளர்க்கும் ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைகள் சூட்டுக்கு அசைவதில்லை. எச்.ஐ.வி. போன்ற நச்சுயிரிகள் ஒழிகின்றன. குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகச் செய்யும் நோய், புட்டிமாவு குடிப்பவர்களைவிட இப்பாலைக் குடிப்பவர்களுக்குக் குறைவாகவே வருகிறது. தாயின் சொந்தப் பாலுக்கு இது ஈடில்லை. அது இல்லாதபோது இதைவிட நல்லதும் இல்லை. மருத்துவர் சொன்னதையே நானும் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாதி நம்பினாள்.

பதினோராம் நாள் அவளுக்குச் சுரந்தது. 4 மில்லி. அதைச் சூடேற்றாமலே கொடுத்தார்கள்.